உறை ஒன்று, தட்டு வேறு: பழைய இசைத்தட்டு வாங்குவோர் கவனத்துக்கு

பழைய ராக், பங்க் இசைத்தட்டுகளை இணையத்தில் வாங்குபவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 85 பவுண்டும் ஒன்றரை மாத நிம்மதியும் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

லண்டனில் வசிக்கிறேன். பிரிட்டிஷ் பங்க் குழுவான தி கிளாஷின் முதல் ஆல்பத்தை அசல் பிரிட்டிஷ் தட்டில் கேட்க வேண்டும் என்பது பல வருட ஆசை. பிரிட்டனிலேயே வேறொரு நகரத்தில் இருக்கும் பழைய இசைத்தட்டுக் கடை ஒன்று தன் தளத்தில் அதை விற்பனைக்கு வைத்திருந்தது. “1977, பிரிட்டிஷ் முதல் அச்சு, நல்ல நிலை” என்பது விளம்பரம். முன்னட்டையின் படம் ஒன்று மட்டும் போட்டிருந்தார்கள். சந்தில் நிற்கும் அந்த மூன்று பேரையும் பார்த்ததுமே நான் பணத்தைக் கட்டிவிட்டேன். அதுதான் என் தவறு.

தட்டு வந்தது. ஊசியை வைத்தேன். ‘ஜேனி ஜோன்ஸ்’ பாட்டின் டிரம் அடி விழும் என்று காத்திருந்தவனுக்கு ‘கிளாஷ் சிட்டி ராக்கர்ஸ்’ பாட்டின் கிட்டார் கேட்டது. தட்டை எடுத்து அதன் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்தேன். வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் சிபிஎஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் எபிக் என்று இருந்தது. 1979இல் அமெரிக்காவில் வெளியான தட்டு அது.

தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த ஆல்பம் பிரிட்டனில் 1977 ஏப்ரலில் வந்தது. அமெரிக்க வானொலிக்கு இதன் ஒலி ஏற்காது, மிகவும் கரடுமுரடாக இருக்கிறது என்று எபிக் நிறுவனம் அப்போது அதை வெளியிடவில்லை. ஆனால் பிரிட்டிஷ் தட்டுகள் இறக்குமதியாகவே அங்கே ஏராளமாக விற்றன. குழுவின் இரண்டாவது ஆல்பம் வெளியான பிறகு, 1979 ஜூலையில்தான், முதல் ஆல்பம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதுவும் முழுதாக வரவில்லை. ‘டினை’, ‘சீட்’, ‘புரோடெக்ஸ் புளூ’, ‘48 அவர்ஸ்’ ஆகிய நான்கு பாடல்களை எடுத்துவிட்டு, இடைப்பட்ட காலத்தில் வந்த ஐந்து பாடல்களைச் சேர்த்தார்கள். ‘ஒயிட் ரயட்’ பாட்டுக்குக்கூட ஆல்பத்தில் இருந்ததை விட்டுவிட்டு, சிங்கிளாக, அதாவது ஆல்பத்தில் சேராத தனிப்பாட்டுத் தட்டாக, வந்த பதிவைப் போட்டார்கள். வரிசையும் மாறிப்போனது.

அசல் ஆல்பத்தில் டிரம் வாசித்தவர் டெரி சைம்ஸ். சேர்க்கப்பட்ட ஐந்து பாடல்களிலும் வாசிப்பவர் அவருக்குப் பின் வந்த டாப்பர் ஹெடன். கேட்கும்போதே கை வேறு என்று தெரிகிறது. இன்னொன்று: குழுவைக் கேட்காமலே ‘ரிமோட் கன்ட்ரோல்’ பாட்டை நிறுவனம் சிங்கிளாக வெளியிட்டது. அந்தக் கோபத்தில் எழுதிய பாட்டு ‘கம்ப்ளீட் கன்ட்ரோல்’. அமெரிக்கத் தட்டில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. காரணமான பாட்டும் அதற்கு எழுந்த கோபமும் ஒரே மூச்சில்! அமெரிக்கப் பதிப்பு மட்டம் என்று நான் சொல்லவில்லை. ‘ஒயிட் மேன் இன் ஹேமர்ஸ்மித் பாலே’ இருக்கும் தட்டை யார் மட்டம் என்பார்கள்? ஆனால் அது 1977இன் தட்டு அல்ல. அந்த ஆண்டின் பிப்ரவரியில் அவசர அவசரமாகப் பதிவு செய்யப்பட்ட, மூச்சு வாங்கும் அந்தப் பதினான்கு பாடல்களுக்குத்தான் நான் பணம் கொடுத்தேன்.

கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். “இரண்டும் ஒரே ஆல்பம்தான். பதினான்குக்குப் பதில் பதினைந்து பாட்டு வந்திருக்கிறது, உங்களுக்கு லாபம்தானே?” என்றார். எபிக்கும் சிபிஎஸ் குழுமத்தைச் சேர்ந்ததுதானே என்றும் வாதாடினார். சேர்ந்ததுதான். அதனால் நியூயார்க்கில் வெளியிட்டது லண்டனில் வெளியிட்டதாக ஆகிவிடுமா? கடைசியில், பிரித்த தட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிரிட்டனில் இருப்பவர்கள் இந்த இடத்தில் பயந்துவிடாதீர்கள். தூரத்திலிருந்து வாங்கும் பொருளை 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்ல 2013ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. பிரித்த இசைத்தட்டுக்கு அதில் விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அது முத்திரையிட்டு மூடி வந்த தட்டுக்கு மட்டும். பழைய தட்டுக்கு ஏது முத்திரை? தவிர, விவரித்தபடி இல்லாத பொருளை 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம் என்கிறது 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். இதையெல்லாம் எழுதி நான்கு மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் பணம் திரும்பியது. அவர்கள் ஏற்க வேண்டிய தபால் செலவை இன்றுவரை தரவில்லை.

வாங்கும் முன் லேபிளின் படத்தைக் கேளுங்கள், இரண்டு பக்கமும். இந்த ஆல்பத்துக்கு பிரிட்டிஷ் எண் சிபிஎஸ் 82000. அமெரிக்க எண் எபிக் ஜேஇ 36060. எண் சரியாக இருந்தாலும் முதல் அச்சு என்று நம்பிவிடாதீர்கள், பிரிட்டிஷ் தட்டைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். பாட்டு முடிந்தபின் லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் செதுக்கிய எழுத்துகளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

கிளாஷ் மட்டும் இல்லை. சிங்கிளாக வந்த பாட்டை ஆல்பத்தில் மறுபடி போட்டு ரசிகரிடம் இரண்டு முறை காசு வாங்கக் கூடாது என்பது அறுபதுகளில் பிரிட்டனில் இருந்த வழக்கம். அமெரிக்காவில் ஹிட் பாட்டு இல்லாத ஆல்பம் விற்காது என்று நினைத்தார்கள். பாடல்களின் எண்ணிக்கையையும் குறைத்தார்கள். பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ பிரிட்டனில் 14 பாடல்கள், அமெரிக்காவில் 11. விடுபட்ட மூன்றும் ஜான் லெனன் பாடியவை, அதனால் அமெரிக்கத் தட்டில் அவர் முன்னின்று பாடுவது இரண்டே பாட்டு. ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஆஃப்டர்மேத்’ அங்கே ‘பெயின்ட் இட் பிளாக்’ பாட்டுடன் தொடங்குகிறது. பிரிட்டிஷ் தட்டில் அந்தப் பாட்டே கிடையாது. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் முதல் ஆல்பத்தில் இரண்டு பதிப்பிலும் எண்ணிக்கை 11தான், ஆகவே எண்ணிப் பார்த்தும் பயனில்லை. ‘பர்ப்பிள் ஹேஸ்’ இருந்தால் அமெரிக்கா, ‘ரெட் ஹவுஸ்’ இருந்தால் பிரிட்டன். நல்லவேளையாக அதற்கு அட்டைப் படமும் வேறு.

நான் திருப்பி அனுப்பிய தட்டு அந்தக் கடையின் தளத்தில் மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே முன்னட்டைப் படம், அதே “1977, பிரிட்டிஷ் முதல் அச்சு”. உறையின் வலது மூலையில் ஒரு சின்ன மடிப்பு இருக்கும்.