பச்சை லாரியோடு ஏழு வருடம்: எம்35ஏ2 அனுபவம்

பென்சில்வேனியாவில் மேடும் பள்ளமுமாகப் பத்து ஏக்கர் நிலம் வாங்கியபோது, விறகு இழுக்க ஒரு பழைய பிக்கப் போதும் என்றுதான் இருந்தேன். 2017-ல் அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளின் ஆன்லைன் ஏலத்தில் எம்35ஏ2 என்ற ராணுவ லாரியின் படத்தைப் பார்த்தேன். அதோடு புத்தி போய்விட்டது. மூன்று அச்சு, மூன்றுக்கும் இழுவை, பத்து டயர், வெறும் வண்டியே ஏறக்குறைய ஆறு டன். இங்கே இதை 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்பார்கள். இரண்டரை டன் என்பது காட்டுப் பாதையில் ஏற்றும் பாரம். தார் ரோட்டில் ஐந்து டன் வரை தாங்கும். என் வண்டியின் தகட்டில் 1971 என்று அடித்திருக்கிறது. என்னைவிட மூத்தது.

நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைகளின் சத்தத்தில் வளர்ந்தவன் நான். லாரி எனக்குப் புதிதில்லை என்ற திமிர் இருந்தது. முதல் நாளே அது இறங்கிவிட்டது. வண்டிக்குச் சாவியே கிடையாது! ஒரு சுவிட்சைத் திருப்பி, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிறது. நிறுத்த ஒரு குமிழை இழுத்துப் பிடிக்க வேண்டும். திருட்டுக்குப் பாதுகாப்பு என்றால், ஸ்டீயரிங்கைச் சங்கிலி போட்டுக் கட்டி ஒரு பூட்டு.

வாங்கியவர்களில் பாதிப் பேர் முதலில் செய்வது டயர் மாற்றுவது. நானும் அந்த ஆசையில்தான் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடம் அக்டோபரில் அந்த எண்ணம் மாறியது. ஓக் விறகு ஏற்றிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பெடல் ஒரே மிதியில் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தேன், காற்றை மிதித்த மாதிரி. நல்லவேளை, மூன்றாவது கியரில்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அது சக்கரத்தில் இல்லை. எஞ்சின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் தனியாக ஒரு டிரம்மைப் பிடிக்கிறது, ஆயில் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக்கோடு சம்பந்தமே இல்லாதது. அதுதான் காப்பாற்றியது. பக்கத்து விவசாயியின் அறுத்து முடித்த சோளக்கொல்லையில் போய் நின்றேன். அவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காபி கொண்டுவந்து கொடுத்தார்.

காரணம் இதுதான். இந்த லாரியில் காற்றும் ஹைட்ராலிக்கும் கலந்த பிரேக். பெடல், ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும். 'ஏர் பேக்' (Air Pack; விபத்தில் விரியும் பை இல்லை) என்ற பாகம் அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டு அந்த விசையைப் பெருக்கும். காற்று போனால் பெடல் கல்லாக இறுகும், ஆனால் கொஞ்சமாவது பிடிக்கும். ஆயில் போனால் கதை வேறு. ஆறு சக்கர முனைகளுக்கும் ஒரே ஆயில் சுற்று. எங்கே ஓர் ஓட்டை விழுந்தாலும் ஆறும் போச்சு. எனக்குப் பின் அச்சில் ஒரு வீல் சிலிண்டர் உள்ளே அரித்து, ரப்பர் கிழிந்திருந்தது. இந்த வண்டிகளில் இருப்பது சிலிக்கோன் பிரேக் ஆயில், அதாவது டாட் 5. அது தண்ணீரைத் தன்னோடு கலந்துகொள்ளாது. உள்ளே போகும் ஈரம் அடியில் தேங்கி, வருடக்கணக்கில் இரும்பைத் தின்னும். கடையில் கிடைக்கிறதே என்று சாதாரண பிரேக் ஆயிலான டாட் 3-ஐ இதன் மேல் ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் சேராது.

அப்புறம் டயர்க் காசு முழுக்கப் பிரேக்குக்குப் போனது. ஆறு வீல் சிலிண்டரையும் எல்லா ஹோஸையும் புதிதாகப் போட்டேன். இதைச் சொல்வது சுலபம். டிரம் தனியாகக் கழலாது. அச்சுத் தண்டை உருவி, பெரிய எண்கோண சாக்கெட்டால் பேரிங் நட்டைக் கழற்றி, ஹப்பும் டிரம்முமாகச் சேர்த்து வெளியே இழுக்க வேண்டும். தூக்குவதற்கு ஆளோ தள்ளுவண்டியோ இல்லாமல் தொடாதீர்கள், முதுகு போய்விடும். பிறகு இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், கூட ஒரு ஏர் பேக். முன் அச்சு ஒரு சுற்று, பின் இரண்டும் இன்னொரு சுற்று. ஒரு வார இறுதி என்று ஆரம்பித்தது ஆறு வார இறுதி இழுத்தது. இந்த வண்டியில் நான் செய்ததிலேயே உருப்படியான மாற்றம் இது ஒன்றுதான்.

சக்கரம் கழற்றும்போது இன்னொரு பாடம். இடது பக்கச் சக்கர நட்டுகள் எல்லாம் லெஃப்ட் திரெட், எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். போல்ட் முனையில் 'எல்' எழுத்தே அடித்திருக்கும். அதைத் துடைத்துப் பார்க்காமல் இம்பாக்ட் ரெஞ்சைப் போட்டு ஒரு போல்ட்டை முறித்த புண்ணியவான் நான்தான். ரிம் இரண்டு துண்டு, பூட்டு வளையத்தோடு வரும். காற்றடிக்கும்போது அந்த வளையம் சரியாக உட்காரவில்லை என்றால் குண்டு மாதிரித் தெறிக்கும். கூண்டுக்குள் வைத்து, நீளக் குழாயில், தள்ளி நின்று அடிக்க வேண்டும். இதில் மட்டும் சோம்பேறித்தனம் கூடாது.

சரி, டயர் மாற்றவே இல்லையா? இல்லை. 9.00-20 அளவு ராணுவ டயர்தான் இன்னமும் ஓடுகிறது. பின்னால் இரட்டைச் சக்கரத்தை எடுத்துவிட்டு 395/85 ஆர்20 ஒற்றை டயர் போட்டால் பார்க்க ராஜா மாதிரி இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் உயரம் கூடுகிறது, கியர் விகிதம் மாறுகிறது, ஏற்றத்தில் திணறுகிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் அகலமான முன் டயரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். பழைய டயருக்கு ஈரமான தார் ரோட்டில் பிடிமானம் மோசம் என்பதும் உண்மை. மழை என்றால் நான் எடுப்பதில்லை.

எஞ்சின் விஷயத்தில் எனக்குக் குறை இல்லை. எல்டிடி-465 என்ற ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர், டர்போ உள்ளது. டீசல், விமானக் கெரசின், அவசரத்துக்குப் பெட்ரோல் என எதையும் குடிக்கும்படி வடிவமைத்தார்கள். பிஸ்டன் தலையில் உருண்டைக் குழி வைத்து எரிக்கும் அந்த முறை ஜெர்மனியின் மான் கம்பெனியுடையது. நம் ராணுவத்தின் சக்திமான் லாரியும் மான் உரிமத்தில் ஜபல்பூரில் செய்ததுதான்; தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். எதையும் குடிக்கும் என்பதை நம்பி ஒரு கோடை முழுக்கப் பழைய எஞ்சின் ஆயிலை டீசலில் கலந்து ஓட்டினேன். மூன்று ஃபில்டரும் மாறி மாறி அடைத்தன, புகை வேறு. மிச்சம் பிடித்த காசு ஃபில்டருக்குப் போனது. இப்போது சுத்தமான டீசல் மட்டும்தான், லிட்டருக்கு நாலு கிலோமீட்டர். டீசல் பம்பைத் திருகிச் சக்தியைக் கூட்டுகிறவர்கள் உண்டு. எஞ்சின் தலைக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டை மாற்ற ஆசை இருந்தால் செய்யுங்கள்.

மின்சாரம் 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக. ரேடியோவுக்கென்று ஒரு பேட்டரியில் மட்டும் ஒயர் இழுத்தேன். ஒன்று எப்போதும் பசியோடும், இன்னொன்று கொதித்துக்கொண்டும் இருந்து, ஒன்றரை வருடத்தில் இரண்டும் செத்தன. வோல்டேஜ் குறைக்கும் ஒரு சின்னப் பெட்டி வாங்கி வைத்தால் போதும். எப்படியும் ரேடியோ கேட்காது. மணிக்கு எழுபது கிலோமீட்டரில் டர்போ போடும் விசில் அப்படி. காதில் பஞ்சு இல்லாமல் என் மனைவி ஏறமாட்டாள். "கப்பல்ல போற மாதிரி இருக்கு, ஆனா கப்பல் இவ்வளவு கத்தாது" என்பது அவள் விமர்சனம்.

பராமரிப்புக்கு மெக்கானிக்கைத் தேடாதீர்கள், ராணுவத்தின் சொந்தக் கையேட்டைத் தேடுங்கள். டிஎம் 9-2320-361 வரிசை. ஓட்டுநருக்கு ஒன்று, பட்டறைக்கு வேறு. படம் போட்டு, எந்தத் திருகு முதலில் என்பதுவரை சொல்கிறது. ஓட்டி முடித்ததும் காற்றுத் தொட்டிகளின் அடிக் குழாயைத் திறந்து தண்ணீரை வடிப்பது, கிரீஸ் அடிப்பது, ஹப்பில் கசிவு பார்ப்பது எல்லாம் அதில் இருக்கிறது. கசிவு இருக்கத்தான் செய்யும். கசியவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம்.

அடுத்த வேலை பவர் ஸ்டீயரிங். நாற்பத்தைந்து வயதுத் தோள்பட்டை கெஞ்சுகிறது. பாகங்கள் வந்து மூன்று மாதமாகக் கராஜில் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கின்றன. பனி கரையட்டும்.