லைன் பிழையா, மறித்துவிட்டார்களா? அலஸ்தோட்டத்திலிருந்து ஓர் இணைய அனுபவம்

சனிக்கிழமை மாலை ஆறரைக்கு எனக்கு வகுப்பு. டொரொண்டோவில் அப்போது காலை. நான்கு பிள்ளைகள் நித்திரை கலையாத முகத்தோடு கொம்பியூட்டருக்கு முன்னால் வந்து உட்காருவார்கள். நான் இங்கே திருகோணமலை அலஸ்தோட்டத்தில் இருந்து தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் ழகரத்துக்கு நாக்கை எப்படி மடிப்பது என்று வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கையில் படம் நின்றுவிட்டது. திரும்பி வந்ததும் ஒரு பிள்ளை, "மிஸ், நீங்கள் வாயைத் திறந்தபடி உறைஞ்சு போனீங்கள்" என்றாள். ழகரம் மறந்துபோயிருக்கும், 'உறைஞ்சு' மட்டும் நால்வருக்கும் நன்றாகப் பாடம்.

இந்த வீட்டுக்கு இணையம் வந்தது 2016 இல். முதல் நான்கு வருடம் டெலிபோன் செப்புக்கம்பியில் ஏடிஎஸ்எல். எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி நீள நீள வேகம் குறையும். எங்களுக்குக் கூடிப்போனால் நான்கு எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு நான்கு மெகாபிட். அது பரவாயில்லை. மாரி தொடங்கினால்தான் கஷ்டம். முதலில் டெலிபோனில் கரகரவென்று சத்தம் வரும், இரண்டு நாளில் ரவுட்டரின் பச்சை லைட் மின்னும், பிறகு அணைந்துவிடும். மூட்டுக்குள் தண்ணீர். லைன்காரர் வந்து அந்த மூட்டை வெட்டிப் புதிதாக முறுக்கிவிட்டுப் போவார். அடுத்த மழைவரை ஓடும்.

2020 இல், கொரோனா நேரம், ஃபோர்ஜீ ரவுட்டருக்கு மாறினேன். மழைப் பிரச்சினை தீர்ந்தது, வெயில் பிரச்சினை வந்தது. சிரிக்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கம் கடல் அமைதி. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள் நிரம்பிவிடும். ஒரு டவரின் வேகத்தை அதில் தொங்குகிற எல்லாரும்தான் பங்குபோட வேண்டும். என் வீட்டில் விடிய ஐந்து மணிக்கு அளந்தால் 22 எம்பிபிஎஸ். ஓகஸ்டில் இரவு எட்டரைக்கு 1.3. இரண்டு நேரமும் சிக்னல் கட்டை முழுதாக நிற்கும். டவர் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைத்தான் அது காட்டும், அதில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்பதை அல்ல. முறையிட அழைத்தால், "சிக்னல் ஃபுல்லாத்தானே இருக்கு மிஸ்" என்பார்கள். பக்கேஜில் தரும் டேட்டாவில் பாதி, நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்க மட்டும். அதற்காக அலாரம் வைத்து எழும்பியிருக்கிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

வேகம் இப்படித்தான் என்று பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. ஒரு பக்கம் திறக்காவிட்டால் அது லைன் பிழையா, மேலிடத்தில் மறித்துவிட்டார்களா என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. இரண்டுக்கும் திரையில் ஒரே வட்டம்தான் சுற்றும்.

2018 மார்ச் 7, கண்டி, திகனக் கலவரத்தை அடுத்து பேஸ்புக், வட்சப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாவற்றையும் மறித்தார்கள். நான் ரவுட்டரை நான்கு தரம் கழற்றிப் பூட்டினேன், ரீசெட் பண்ணி பாஸ்வேர்டையும் தொலைத்தேன். லைன்காரருக்கும் அழைத்தேன், பாவம். கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உங்களுக்கும் வட்சப் போகேல்லையா?" என்றபோதுதான் விளங்கியது. அவவின் மகன் வந்து, வேறு நாட்டு வழியாகச் சுற்றிக்கொண்டுபோய்த் தடையைத் தாண்டுகிற இலவச வீபீஎன் ஒன்று போட்டுத் தந்தான். அது நெதர்லாந்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. விளம்பரமெல்லாம் டச்சு மொழியில். டச்சுக்காரரின் கோட்டை இருக்கிற ஊரில் அதுவும் பொருத்தம்தான்.

2019 இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஏப்ரல் 21 இல் மறித்து 30 இல் திறந்தார்கள். மே மாதம் மறுபடியும். மட்டக்களப்பில் சித்தி வீட்டார் எப்படி இருக்கிறார்கள் என்று லண்டனிலிருந்து அக்கா வைபரில் அடித்து அடித்துக் களைத்துப் போனாள். எனக்கு இன்னொரு அடியும் விழுந்தது. என் போனில் பேஸ்புக், வட்சப்புக்கு என்று தனி டேட்டா இருந்தது. வீபீஎன்னுக்குள் போனால் எல்லாம் மறைகுறியாகப் போகும். எது வட்சப் என்று கம்பனிக்குத் தெரியாது. ஆகவே பிரதான டேட்டாவில் வெட்டும். நான்கு நாளில் மாதக் கணக்கு முடிந்தது. நல்ல லைனும் கையில் காசும் உள்ளவருக்குத் தடை ஒரு சின்னச் சுற்றுவழி. 1.3 எம்பிபிஎஸ்ஸில் இருப்பவருக்கு அந்தச் சுற்றுவழியே ஏறாது.

லைன் பிழையா, தடையா என்று தெரியாமல் போவதற்கு 2022 ஏப்ரல் 3 நல்ல உதாரணம். அந்த வாரம் 13 மணித்தியால மின்வெட்டு, டவர் பற்றரிகளும் இறங்கிவிடும். ஊரடங்கு ஞாயிறு காலையில் கரண்ட் இருந்தது, பேஸ்புக் இல்லை. பற்றரிதான் என்று நினைத்து மத்தியானம்வரை பொறுமையாக இருந்தேன்! பாதுகாப்பு அமைச்சு கேட்டதால் மறித்ததாம். அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே தானும் வீபீஎன் வழியாகத்தான் வருவதாகவும் இப்படித் தடுப்பதில் பிரயோசனம் இல்லை என்றும் ட்விட்டரில் எழுதினார். அன்றைக்கே திறந்துவிட்டார்கள். 2007 இல் தமிழ்நெட் என்ற செய்தித் தளத்தை மறித்தபோது அப்படித் திறக்கவில்லை. 2015 ஆட்சி மாற்றம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது நான் செய்வது இதுதான். ஒரு தளம் மட்டும் திறக்காமல் மற்றவை திறந்தால் ரவுட்டரைத் தொடுவதில்லை. வேறு கம்பனி சிம்மிலும் அதே தளத்தைப் பார்ப்பேன். அதிலும் இல்லையென்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருகிற டிஎன்எஸ்ஸை, கம்பனியுடையதை விட்டு 1.1.1.1 என்ற பொதுச் சேவைக்கு மாற்றுவேன். திறந்தால் அந்தப் பெயர் தேடலில் மட்டும்தான் மறித்திருக்கிறார்கள். திறக்காவிட்டால் வீபீஎன், அதுவும் எழுத்துச் செய்திக்கு மட்டும். 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் தளங்களை மறிக்க வழி இருப்பதால் இந்தப் பயிற்சியை விட்டுவிடவில்லை.

எங்கள் ஒழுங்கை முகப்புத் தூணில் ஃபைபர் பெட்டி தொங்குகிறது, வீட்டிலிருந்து அறுபது அடி. "போர்ட் இல்லை" என்கிறார்கள், அதாவது பெட்டியில் புது இணைப்புக்கு இடமில்லையாம். மூன்றாவது விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அதுவரை சனிக்கிழமை ஆறரைக்கு என் கமராவை அணைத்துவிட்டு, குரலில் மட்டும்தான் ழகரம்.