சுன்னாகமா, சாவகச்சேரியா?

யாழ்ப்பாணத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வேண்ட வேணுமெண்டால் யோசிக்காமல் சாவகச்சேரிச் சந்தைக்குப் போங்கோ. சாவகச்சேரி இருக்கிற தென்மராட்சிப் பகுதி மாவும் பலாவும் தென்னையும் நிறைஞ்ச மண். வைகாசி, ஆனியில் சந்தைக்குள்ள கால் வைக்கும்போதே வாசம் மூக்கைத் துளைக்கும். தோல் மஞ்சளாகட்டும் எண்டு பார்த்திருக்காதேங்கோ, இந்த மாம்பழம் பழுத்தாலும் பச்சை முழுசாப் போகாது. காம்படியை மணந்து பாருங்கோ. இனிப்பு வாசம் வந்தால் எடுக்கலாம்.

மரக்கறிக்குச் சுன்னாகச் சந்தைதான். சுன்னாகம் இருக்கிற வலிகாமப் பகுதிச் செம்மண் தோட்டங்களிலிருந்து வெங்காயம், உருளைக்கிழங்கு, பீற்றூட் எல்லாம் விடியவே வந்திறங்கும். வெங்காயத்தின்ர கழுத்தை அமத்திப் பாருங்கோ, ஈரமெண்டால் கன நாள் இருக்காது. வாழைப்பழத்துக்கும் என்ர தெரிவு சுன்னாகம்: கதலி, இதரை, கப்பல் குலை குலையாய்க் கிடக்கும்.

பனங்கிழங்கு எங்கை வேண்டினாலும் ஒண்டுதான். தையில், தும்பு முத்த முதல் வேண்டுங்கோ.