கிம்ப் 3: எல்லாம் சரி, அந்த சேவ் விஷயத்தைத் தவிர

"கிம்ப் மூன்றாம் பதிப்பு வந்துவிட்டதாமே, இப்போதாவது பழகலாமா?" என்று நண்பர் கேட்டார். கிம்ப் என்பது கணினியில் படங்களைத் திருத்தும் இலவச மென்பொருள். அதன் 2.8 பதிப்புக் காலத்திலிருந்து என் படங்களை இதில்தான் திருத்துகிறேன். ஆனாலும் சட்டென்று "பழகுங்கள்" என்று சொல்ல வாய் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச்சில் 3.0 வரும்வரை, கர்வ்ஸில் (ஒரு கோட்டை வளைத்து வெளிச்சத்தைச் சரிசெய்யும் கருவி) வெளிச்சத்தைக் கூட்டி ஓகே கொடுத்தால் அந்த மாற்றம் லேயரோடு, அதாவது படத்தின் அந்த அடுக்கோடு, கலந்துவிடும். இன்னும் பல வேலைகளை முடித்த பிறகு வெளிச்சம் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றினால், அண்டூ போட்டுக்கொண்டே போய் நடுவில் செய்ததையும் சேர்த்து இழக்க வேண்டும். இப்போது அப்படி இல்லை. லேயரின் பக்கத்தில் சின்னதாக 'எஃப்எக்ஸ்' குறி நிற்கிறது. அதைத் திறந்து கர்வை மறுபடி வளைக்கலாம், தற்காலிகமாக அணைத்து வைக்கலாம், தூக்கியே எறியலாம். கோப்பைச் சேமித்து அடுத்த வாரம் திறந்தாலும் அப்படியே இருக்கிறது. பல வருடங்கள் காத்திருந்த வசதி இது. வந்த அன்று உண்மையிலேயே நெகிழ்ந்துபோனேன்.

தமிழ் எழுத்தும் அப்படித்தான். சில மென்பொருள்களில் ஒரு தனி அமைப்பைத் தேடி மாற்றாவிட்டால் 'கொ', 'கை' எல்லாம் சிதறிக் கிடக்கும். இங்கே யூனிகோட் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துத் தட்டினால் போதும், கொம்பும் காலும் தத்தம் இடத்தில் உட்காரும்.

பழகுவது கடினம் என்கிறார்கள். கர்வ்ஸும், லேயரின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்க உதவும் லேயர் மாஸ்க்கும் கைவந்தால் பாதி தூரம் கடந்த மாதிரி. மாஸ்க்கில் கறுப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் தெரியும், எக்ஸ் விசை இரண்டு நிறங்களையும் மாற்றிக் கொடுக்கும். ஒரு கட்டளை எந்த மெனுவில் இருக்கிறது என்று மறந்துவிட்டால் சாய்கோட்டு (/) விசையை அழுத்தி அதன் பெயரைத் தட்டினால் வந்து நிற்கும். இதை முதல் நாளே யாராவது சொல்லிக் கொடுத்தால் புதியவர்கள் பாதியில் ஓட மாட்டார்கள்.

இனி அந்த சேவ்.

ஒரு ஜேபெக் படத்தைத் திறக்கிறேன், ஓரத்தை வெட்டுகிறேன், கண்ட்ரோல்+எஸ் அடிக்கிறேன். கிம்ப்பின் சொந்த வகையான எக்ஸ்.சி.எஃப் கோப்பாகச் சேமிக்கட்டுமா என்று கேட்கிறது. எனக்கு வேண்டியது ஜேபெக். அதற்கு எக்ஸ்போர்ட் போக வேண்டும்; அங்கே பெயர் கேட்கும், தரம் கேட்கும். அதையும் முடித்துவிட்டு மூடப் போனால், மாற்றங்கள் சேமிக்கப்படவில்லை என்று மறுபடி தடுக்கிறது. இப்போதுதானே எக்ஸ்போர்ட் செய்தேன்! 2012-இல் 2.8-இல் வந்த ஏற்பாடு இது. இத்தனை வருடமாகியும் கை அதற்கு இணங்க மறுக்கிறது.

நியாயம் புரியாமல் இல்லை. ஜேபெக்கில் லேயர் நிற்காது, ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் தரம் கொஞ்சம் தேயும். நான் மெச்சிய அந்த எஃப்எக்ஸ் மாற்றங்களும் எக்ஸ்.சி.எஃப்-இல் மட்டும்தான் உயிரோடு இருக்கும். மூலப் படத்தின் மேலேயே எழுதிவிட ஃபைல் மெனுவில் 'ஓவர்ரைட்' என்று ஒன்றும் இருக்கிறது. எல்லாம் சரி. ஓரம் வெட்ட மட்டும் வந்தவனை ஏன் ஒவ்வொரு முறையும் வாசலில் நிறுத்தி விசாரிக்க வேண்டும்? கேட்கும் இடத்திலேயே "இனி கேட்காதே" என்று ஒரே ஒரு தேர்வுப் பெட்டி வைத்தால் குறைந்தா போகும்?

கேமரா பதிவு செய்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புகளை கிம்ப் நேரடியாகத் திறக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ரா கோப்புகளுக்கென்றே உள்ள டார்க்டேபிள் அல்லது ராதெரபி மென்பொருள் துணைக்கு வேண்டும். ரா எடுப்பவர்கள் எப்படியும் அங்கேதான் தொடங்குவார்கள் என்பதால் இதை நான் பெரிய குறையாக நினைக்கவில்லை.

நண்பருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் செய்வதெல்லாம் கைப்பேசிப் படங்களின் ஓரத்தை வெட்டி, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, உடனே யாருக்காவது அனுப்புவதுதான். அந்த வேலைக்கு இந்த எரிச்சல் தேவையில்லை, கைப்பேசியிலேயே முடித்துக்கொள்ளலாம். பழைய படங்களை ஸ்கேன் செய்து, லேயரை நகலெடுத்து, ஹீல் கருவியால் கீறலை ஒவ்வொன்றாகத் துடைக்கும் ஆசை அவருக்கு வந்தால் சொல்லட்டும். கிம்ப்பின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி நானே நிறுவித் தருகிறேன், கர்வ்ஸும் மாஸ்க்கும் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன்.