140 சென்டிமீட்டர்: காவேரிப்பட்டணத்திலிருந்து ஒன்பது ஆண்டுப் பூங்கா அனுபவம்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் ஐந்து பென்சில் கோடுகள் இருக்கின்றன. 101, 116, 122, 138, 144. எல்லாம் என் மகளின் உயரம், சென்டிமீட்டரில். வீட்டுக்கு வர்ணம் அடித்தபோதும் அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். ஒவ்வொரு கோடும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் இரவு போட்டது.

2016 முதல் 2025 வரை பெங்களூரு பக்கம் பிடதியில் இருக்கும் வொண்டர்லாவுக்கு ஐந்து முறை, வேறு பூங்காக்களுக்கு இரண்டு முறை போயிருக்கிறோம். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி ராட்டினத்துக்குக் கொரோனா ஆண்டுகள் தவிர எல்லா வருடமும். எந்தச் சவாரி வேகம், எது பயங்கரம் என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது, அங்கே வேலை செய்பவர்கள் நம்மிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றி. அதிலும் ஒரு குழந்தையிடம் "உன்னால் இதில் ஏற முடியாது" என்று சொல்லும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி.

எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. பள்ளி விடுமுறையில் ஊரே சுற்றுலா போகும் மே மாதத்தில் எங்களால் நகர முடியாது. கிளிமூக்கு காய் பறித்துக் கூழ் ஆலைக்கு ஏற்றி முடிக்க ஜூலை ஆகிவிடும். அதனால் எங்கள் பயணம் காலாண்டு விடுமுறையில்தான். அது ஒரு வகையில் நல்லதாகவே அமைந்தது. வெயில் குறைவு, கூட்டமும் குறைவு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ஆண்டுகளில் நம் காலாண்டு விடுமுறையும் கர்நாடகத்தின் தசரா விடுமுறையும் ஒன்றாக வந்துவிடும். அப்படி ஒன்றாக வந்த ஒரு வருடம் ஒரே சவாரிக்கு முக்கால் மணி நேரம் நின்றோம். இப்போதெல்லாம் அங்கே பள்ளி எப்போது விடுமுறை என்று பார்த்துவிட்டுத்தான் தேதி குறிக்கிறோம்.

விடியற்காலை கிளம்பினால் ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் நைஸ் சாலையில் ஏறி மைசூர் சாலையைப் பிடித்துவிடலாம். நகரத்துக்குள் போகவே வேண்டாம். வழியில் சுங்கச்சாவடிகள் பல, அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். பிடதியில் தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு உள்ளே போவது எங்கள் வீட்டு வழக்கம். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். பூங்கா என்றாலே உள்ளே சாப்பாட்டு விலை கூடத்தான் இருக்கும். காலையில் வயிறு நிறைந்திருந்தால் மதியம் ஒரு வேளையோடு போய்விடும்.

2016 இல் முதல் முறை. மகளுக்கு நாலு வயது. அப்பாவோடு பெரிய ரோலர் கோஸ்டரில் ஏறியே தீருவேன் என்று அடம். அங்கே டிக்கெட்டே உயரத்தை வைத்துத்தான்: 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தைக் கட்டணம், அதற்கு மேல் பெரியவர் கட்டணம். பெரிய சவாரிகளில் பலவற்றுக்கும் அந்த 140 தான் கோடு. வரிசை தொடங்கும் இடத்திலேயே அளவுகோலோடு ஓர் இளைஞர் நின்றிருந்தார். மகளைப் பார்த்ததும் கையைக் காட்டி மறிக்கவில்லை. குனிந்து, அவளையே அளவுகோலில் நிற்க வைத்து, தலைக்கு மேல் எவ்வளவு மிச்சம் என்று விரலால் காட்டினார். "முந்தின வர்ஷ பா, புட்டி" என்றார். அப்புறம் எங்களிடம் தமிழிலேயே, சின்னப் பிள்ளைகளுக்கான சவாரிகள் எந்தப் பக்கம் என்று வழி சொன்னார்.

இவளுக்குக் கன்னடம் தெரியாது. "ஏம்மா, முந்தின வருஷம் எப்படிம்மா வர்றது?" என்று கேட்டாள். கன்னடத்தில் முந்தின என்றால் வரப்போகிற. தமிழில் அது போன வருடம். எங்களோடு வந்திருந்த அத்தைதான் சிரித்துக்கொண்டே அர்த்தம் சொன்னார். ஓசூர்ப் பக்கம் பிறந்தவர், மூன்று மொழியும் பேசுவார். குழந்தை அழவில்லை. அடுத்த வருடம் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தோடு போனாள்.

உயரக் கட்டுப்பாடு எதற்கு என்று எனக்கும் அப்போது தெரியாது. வயதைக் கேட்காமல் உயரத்தை ஏன் அளக்கிறார்கள் என்று தோன்றியது. காரணம் அந்த இருக்கைதான். தோளுக்கு மேலிருந்து இறங்கும் பிடியும் தொடையில் அழுத்தும் கம்பியும் குறிப்பிட்ட அளவு உடலுக்காகச் செய்யப்பட்டவை. உடல் சின்னதாக இருந்தால் தோளில் பிடி உட்காராது. வண்டி சட்டென்று திரும்பும்போதோ தலைகீழாகும்போதோ இடைவெளி வழியாக நழுவிவிடலாம். இது புரிந்த பிறகு அளவுகோல் பிடித்து நிற்பவர் மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. "ரெண்டு சென்டிமீட்டர்தானே, விடுங்க" என்று அவரிடம் தினமும் எத்தனை பெற்றோர் கெஞ்சுவார்கள்!

2022 இல் நானும் கெஞ்சினேன். 138. வீட்டில் அளந்து தெரிந்தும், காலணி தடிமனாக இருந்தால் தேறிவிடும் என்று ஒரு நப்பாசை. காலணியைக் கழற்றச் சொன்னார்கள். அந்தப் பெண் ஊழியர் கோபப்படவில்லை, வளைந்தும் கொடுக்கவில்லை. "அக்கா, பூட்டு விழும். ஆனா அவளை அது பிடிக்காது" என்றார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

இதற்கு நேர்மாறாக 2019 இல் வேறொரு பூங்காவில் நடந்தது. பெயர் சொல்ல விரும்பவில்லை. ஒரு மணி நேரம் வரிசையில் நின்று படியெல்லாம் ஏறிய பிறகு, வண்டியில் கால் வைக்கும் நேரத்தில், "உயரம் பத்தாது, ஓரமா நில்லு" என்று ஒருவர் அவள் தோளைப் பிடித்து விலக்கினார். கீழே எங்கும் அளவுகோல் இல்லை. அறிவிப்புப் பலகை இருந்தது, மேலே, அவர் முதுகுக்குப் பின்னால். விதி சரியானதுதான். அதை ஒரு மணி நேரம் முன்னால் கீழேயே சொல்லியிருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளை அத்தனை பேர் பார்க்கப் படியிறங்கி வந்தாள். அன்று முழுவதும் எதிலும் ஏறவில்லை.

அதே நாளில் மூன்று பெரிய சவாரிகள் பராமரிப்பு என்று மூடிக் கிடந்தன. டிக்கெட் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் சேவை மேசையில் கேட்டபோது, டிக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். கட்டணம் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் இருந்தது. மேசையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பணம் போனதைவிட எனக்கு அதுதான் வலித்தது.

அப்போது யாரிடம் முறையிடுவது என்றே தெரியவில்லை. இன்று அப்படி இல்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பூங்கா எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்குக் கட்டணமும் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். டிக்கெட்டையும், மூடிக் கிடக்கும் சவாரியின் படத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்று டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அப்புறம் தண்ணீர் விளையாட்டு. பெண்களுக்கு அனுபவத்தில் பாதி உடை மாற்றும் அறைதான். தாழ்ப்பாள் விழுகிறதா, தரை வழுக்காமல் இருக்கிறதா, ஈரத்துணி மாட்டக் கொக்கி இருக்கிறதா, இதையெல்லாம் முதலில் பார்த்துவிடுவேன். பருத்தித் துணியோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள், நைலான் வேண்டும். பருத்தி நனைந்தால் கனத்து உடம்பை இழுக்கும், நூல் பிரிந்து வடிகட்டியில் சிக்கும். வாடகைக்கு எடுப்பதைவிட ஓசூரிலேயே ஒன்று வாங்கிவிடுவது மேல். அத்தை சேலைதான் கட்டுவார், தண்ணீரில் இறங்கமாட்டார். அவருக்கு வேண்டியது நிழலில் ஓர் இருக்கை, பக்கத்தில் குடிநீர், கழிப்பறை. 2018 இல் அலைக்குளத்தின் பக்கம் துப்புரவு வேலை பார்த்த ஓர் அம்மா, வெயில் திரும்பத் திரும்ப அத்தையின் நாற்காலியை நிழல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அத்தை இன்றுவரை அந்தப் பூங்காவைப் பற்றிச் சொல்லும் ஒரே கதை அதுதான்.

குளத்துத் தண்ணீர் சுத்தமா என்று மூக்கால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். குளோரின் வாடை குப்பென்று அடித்தால் மருந்து நிறையப் போட்டிருக்கிறார்கள், சுத்தம்தான் என்று நினைத்திருந்தேன். உண்மையில் குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமைன் ஆகும்போதுதான் அந்தக் காட்டமான நெடியும் கண் எரிச்சலும் வருகின்றன. இறங்கும் முன் எல்லோரையும் ஷவரில் நனைந்து வரச் சொல்லி நிற்கும் ஊழியரைப் பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள்.

நம் மாங்கனிக் கண்காட்சி ராட்டினத்தில் மின்னணுப் பூட்டு, வாடிக்கையாளர் சேவை மேசை எதுவும் கிடையாது. எல்லாம் ராட்டினக்காரரின் கண்தான். நாலு கூண்டு நிரம்பியதும் அரைச்சுற்று சுற்றி எதிர்ப்பக்கத்தில் ஆள் ஏற்றுவார், எடை சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக. தனியாக வரும் பிள்ளையை ஏற்றமாட்டார், பெரியவர் யாரையாவது கூட உட்கார வைப்பார். ஆனால் உயரத்தை யாரும் அளப்பதில்லை, கூண்டுக் கதவின் கொக்கியை நானே இரண்டு முறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். அங்கேயும் ஓர் அளவுகோல் வைக்கச் செலவு என்ன ஆகிவிடும்?

2023 இல் மகளுக்குப் பெரியவர் கட்டணம் கொடுத்தோம். 144. காலணியைத் தானாகவே கழற்றிவிட்டு அளவுகோலில் நின்றாள். அளந்தவர் தலையசைத்து உள்ளே விட்டார். மேலே தோள்பிடியை இறக்கி, இழுத்துப் பார்த்து, இன்னொரு முறை இழுத்துப் பார்த்த பிறகே வண்டியை விட்டார்கள். அதைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பயம் வரவில்லை.

இப்போது நிலையின் மறுபக்கத்தில் மகனின் கோடுகள். கடைசியாகப் போட்டது 126. இந்தக் காலாண்டு விடுமுறையில், எந்த வரிசையாக இருந்தாலும் அக்கா சொல்லும் முன்பே ஓடிப்போய், அளவுகோலில் முதுகைச் சாய்த்து நின்று, தலைக்கு மேல் எவ்வளவு மிச்சம் என்று அங்கே நிற்பவரிடம் கேட்டுக்கொண்டான்.