பிளஸ் டூ கையில் இருக்கிறது: சிப்காட் ஆலையா, புதுச்சேரி லைனா, அப்ரண்டிஸா?

அக்கா பையன் பிளஸ் டூ முடித்த கையோடு வந்து, "மாமா, ஆப்பரேட்டர் வேலைக்கு எங்க போகலாம்?" என்று கேட்டான். முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டேன். பிளஸ் டூவை மட்டும் வைத்து ஆப்பரேட்டர் என்ற பெயரிலேயே உள்ளே நுழைவது அபூர்வம். ஹெல்பர், டிரெய்னி, பேக்கிங் என்று ஏதாவது ஒரு பெயரில்தான் கேட் பாஸ் கிடைக்கும். விளம்பரத்தில் 'டிப்ளமோ' என்று இருந்தால் அது பாலிடெக்னிக். அதற்குப் போய் வரிசையில் நிற்க வேண்டாம். அதனால் முதல் மாதம் யார் ஐந்நூறு அதிகம் தருகிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எங்கே ஹெல்பராகப் போனவன் ஆப்பரேட்டர் ஆகிறான் என்று பார்க்கச் சொன்னேன்.

முதலில் நம்ம கடலூர் சிப்காட், அதாவது அரசுத் தொழிற்பேட்டை. ஓ.டி. (ஓல்டு டவுன்) தாண்டி சிதம்பரம் ரோட்டில் குடிகாடு, செம்மங்குப்பம் பக்கம் போனால் வரிசையாகக் கெமிக்கல் ஆலைகள். மருந்து மூலப்பொருள், பூச்சிமருந்து, சாயம், பி.வி.சி. என்று பலவகை. பிளஸ் டூ பையனை எடுப்பது பெரும்பாலும் கம்பெனி இல்லை, காண்ட்ராக்டர். வேலை என்னவென்றால் மூட்டை பிரிப்பது, டிரம் உருட்டுவது, தரை கழுவுவது. நானும் அப்படித்தான் ஒரு ஆலையில் பதினோரு மாதம் மூட்டை தூக்கினேன். பன்னிரண்டாவது மாதம் 'பிரேக்' என்று வெளியே அனுப்பிவிட்டு, பத்து நாள் கழித்துப் புது ஆள் மாதிரி திரும்ப எடுத்தார்கள்.

ஆனாலும் இந்த வேலையில் ஒரு வழி இருக்கிறது. ரியாக்டரில் (ரசாயனம் கலந்து வினை நடக்கும் பெரிய கலனில்) எதை முதலில் போடுவது, அதைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் எப்போது ஆவி விடுவது, எப்போது குளிர்நீருக்கு மாற்றுவது, எத்தனை டிகிரியில் சாம்பிள் எடுப்பது என்று பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொள்ளலாம். நல்ல ஷிப்ட் இன்சார்ஜ் வாய்த்தால் ஷிப்ட் விவரம் குறிக்கும் லாக்புக்கை எழுதவிடுவார். அதை எழுதத் தெரிந்தவனுக்கு குஜராத்தின் அங்கலேஷ்வர், தஹேஜ் கெமிக்கல் ஆலைகளிலும்கூட மதிப்பு உண்டு. கெடுதலும் சின்னது இல்லை. வாசம் சட்டையோடு வீட்டுக்கு வரும். பல ஆலைகள் இடைவிடாமல் ஓடுவதால் தீபாவளியன்றும் சி ஷிப்ட் (இரவு வேலை) உண்டு. கரைப்பான் வேலைக்குத் துணி மாஸ்க் கொடுத்தால் அன்றைக்கே நின்றுவிடுங்கள். அதற்கு ஆவியை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும்.

இனி புதுச்சேரி. எங்கள் அப்பா காலத்தில் பாண்டி என்றாலே மில் வேலைதான். 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில் 2020இல் மூடியே விட்டது. இப்போது சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை பக்கம்தான் வேலை. திருபுவனையில் வேர்ல்பூல் வாஷிங் மெஷின், ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். டயர் என்று பெரிய பெயர்களும் உண்டு, சின்னச் சின்ன பிளாஸ்டிக், பேக்கிங் யூனிட்களும் உண்டு. லைன் வேலை, அதாவது வரிசையாக நின்று பாகங்களைப் பொருத்தும் வேலை, சுத்தம், வாசம் கிடையாது. பெண் பிள்ளைகளும் நிறையப் போகிறார்கள். ஆனால் ஒருவர் எட்டு மணி நேரமும் அதே நாலு ஸ்க்ரூவை முறுக்குவார். இரண்டு வருடம் முறுக்கிய பிறகு, "என்ன தெரியும்?" என்று அடுத்த கம்பெனி கேட்டால் சொல்வதற்கு அதிகம் இருக்காது. ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்குப் போவதும் காண்ட்ராக்ட் ஆள்தான். மோல்டிங் மெஷின் பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டால் கதை வேறு. அங்கே டை (அச்சு) மாற்றவும் செட்டிங் போடவும் கற்கலாம். கடலூரிலிருந்து திருபுவனைக்குப் பாண்டியில் பஸ் மாற வேண்டும், கம்பெனி பஸ் இல்லாவிட்டால் நாளே அதில் போய்விடும்.

இரண்டு பக்கமும் கேட்க வேண்டியது ஒன்றே. பி.எஃப். எண் தருவார்களா, ஈ.எஸ்.ஐ. உண்டா, பேஸ்லிப் கையில் வருமா? பிடித்தம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். மொத்தச் சம்பளம் 15,000, அது முழுவதுக்கும் பி.எஃப். என்றால் 12 சதவீதம் 1,800 போகும், ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 113 ரூபாய். கைக்கு 13,087. பிடித்தமே இல்லை, முழுசா தருகிறோம் என்று சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி. எங்கள் ஊரில் ஓ.டி. என்றால் ஓல்டு டவுன் என்பதாலோ என்னவோ, சில காண்ட்ராக்டர்களுக்கு இன்னொரு ஓ.டி. நினைவுக்கே வராது. குறைந்தபட்சக் கூலியைத் தமிழகமும் புதுச்சேரியும் தனித்தனியாக நிர்ணயிப்பதால், பாண்டி கணக்கைக் கடலூரில் வைத்துப் பேச முடியாது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் தங்கிப் பார்க்கும் வேலை? சம்பளம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். தங்கல், சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவு கழித்தால் என் கணக்கில் பெரிய லாபம் இல்லை.

அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) தான் பலர் ஏமாறும் இடம். பிளஸ் டூ முடித்தவருக்கு மாதம் 7,000 என்பது 2019 விதியில் வைத்த குறைந்தபட்சம். அதற்குக் கீழே யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடலாம். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது, முடிந்தபின் வேலை தர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் மத்திய அரசு இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாகி, கடைசியில் தேர்வு எழுதித் தேறினால் தேசியச் சான்றிதழ் வரும். பதிவே இல்லாமல் 'டிரெய்னி' என்று வைத்துக்கொண்டால் அது அப்ரண்டிஸ் அல்ல, மலிவு விலை ஹெல்பர். நெய்வேலி என்.எல்.சி.யிலும் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள், பெரும்பகுதி ஐ.டி.ஐ., டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்குத்தான்.

அதனால்தான் என் ஓட்டு ஐ.டி.ஐ.க்கு. அட்டெண்டண்ட் ஆப்பரேட்டர் கெமிக்கல் பிளான்ட் என்று இரண்டு வருடப் படிப்பு ஒன்று உண்டு; அறிவியலும் கணக்கும் படித்து பத்தாவது தேறியிருந்தாலே போதும். அரசு ஐ.டி.ஐ.யில் படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 750 உதவித்தொகை. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000 சேரும். நான் மூன்று வருடம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றதை அங்கே வரிசையாகச் சொல்லித்தருகிறார்கள். வீட்டில் இந்த மாத வாடகைக்கே வழியில்லை என்றால் வேறு விஷயம். புதுச்சேரி லைனுக்குப் போங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அக்கா பையனுக்கு ஆகஸ்டில்தான் 18 முடிகிறது. அதுவரை அபாயமான ஆலை வேலைக்குச் சட்டப்படி எடுக்கவே கூடாது. "ஆதார்ல தேதியை மாத்திக்கலாம்"னு ஒரு ஏஜென்ட் சொன்னானாம், அதுக்கு இரண்டாயிரம் வேறு. அந்த நம்பரை அழிக்க வைத்துவிட்டு, ஐ.டி.ஐ. விண்ணப்பத்துக்கு டி.சி.யும் சாதிச் சான்றிதழும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.