ஸ்பானியப் பேச்சை ஆங்கிலமாக்க எது நல்லது: கூகுளா, டீப்எல்லா, அகராதியா?

ஸ்பானிய மொழி பேசுபவர்கள் நாள் முழுக்கப் புழங்கும் சின்னச் சின்னத் தொடர்களை ஆங்கிலமாக்க, கூகுள் டிரான்ஸ்லேட், டீப்எல் என்ற இரண்டு மொழிபெயர்ப்புச் செயலிகள், வேர்ட்ரெஃபரன்ஸ் என்ற இணைய அகராதி மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன்.

அவசரத்துக்குக் கூகுள்தான். அறிவிப்புப் பலகையைக் கேமராவில் காட்டினாலே போதும், அர்த்தம் வந்துவிடும். 2017-ல் ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து வந்த டீப்எல்லில் ஆங்கிலம் இன்னும் சரளமாக இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு சொல்லைத் தொட்டால் மாற்றுச் சொற்களையும் காட்டும்.

மரபுத்தொடர் என்றால்தான் இவை தடுமாறும் என்று பலர் நினைக்கிறார்கள். ‘தொமார் எல் பெலோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்ப்பொருள் ‘முடியை எடுப்பது’, உண்மைப் பொருள் கிண்டல் செய்வது. ஆங்கிலத்தில் முடி போய்க் கால் வந்துவிடும்: ‘புல்லிங் மை லெக்’. இப்படி ஊரறிந்த தொடர்களை இரண்டுமே சமாளித்துவிடும்.

காலை வாருவது எளிய சொற்கள்தான். ‘மே தா பெனா’ என்று ஒருவர் சொல்கிறார். ஸ்பெயின்காரர் என்றால் ‘எனக்கு வருத்தமாக இருக்கிறது’. மெக்சிகோக்காரரோ கொலம்பியாக்காரரோ என்றால் பெரும்பாலும் ‘எனக்குக் கூச்சமாக இருக்கிறது’. பாடச் சொன்னதற்கு ஒரு மெக்சிகோ நண்பர் இப்படிச் சொல்ல, நாம் ‘இட் மேக்ஸ் மீ சேட்’ என்று எழுதினால், வெட்கப்பட்ட மனிதரைச் சோகத்தில் ஆழ்த்திவிடுவோம். ‘ஐ ஆம் டூ ஷை’ என்பதே சரி. ‘அஹோரித்தா’வும் அப்படித்தான். மெக்சிகோவில் ‘இப்பவே’ என்றும் இருக்கலாம், ‘கொஞ்ச நேரத்தில்’ என்றும் இருக்கலாம்; புவேர்த்தோ ரிக்கோவில் ‘அப்புறம்’.

தனி வரியை மட்டும் கொடுத்தால், பேசியவர் எந்த நாட்டுக்காரர் என்று செயலிக்கு எப்படித் தெரியும்? வேர்ட்ரெஃபரன்ஸ் இந்த இடத்தில்தான் முந்துகிறது. ஒரே சொல்லின் பல பொருள்களை வரிசையாகக் கொடுத்து, எந்தப் பகுதி வழக்கு என்ற குறிப்பையும் பக்கத்திலேயே போடுகிறது. நேரம் பிடிக்கும்தான். ஆனாலும் பேச்சு வழக்குக்கு என் ஓட்டு இதற்கே.

மூன்றாலும் தீராத ஒன்றும் உண்டு. ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தேத்’ என்றால் நீங்கள். தமிழ் பேசும் நமக்கு இது சொல்லாமலே புரியும். ஆங்கிலத்தில் இரண்டும் ‘யூ’தான். ‘கோமோ எஸ்தா உஸ்தேத்’ என்று ஒரு பெரியவரிடம் கேட்பதை ஆங்கிலமாக்கும்போது, ‘ஹவ் ஆர் யூ’வோடு நிறுத்தாமல் ஒரு ‘சர்’ சேர்த்துக்கொள்கிறேன்.